அப்பாவுக்கு நடையா, குறுக்கெழுத்தா?

அப்பாவுக்கு 71. சின்ன வயதில் கிருஷ்ணகிரி மண்டியில் மல்கோவா என்ன விலை போனது என்று கேட்டால் டக்கென்று சொல்வார், காலையில் பி.பி. மாத்திரை போட்டீர்களா என்றால் முழிப்பார். வயதுக்கு உண்டான மறதிதான் என்றார் டாக்டர். புது நினைவைப் பதிக்கிற ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி வயதானால் மெல்லச் சுருங்குகிறது.

தங்கச்சி குறுக்கெழுத்துப் புத்தகம் வாங்கித் தந்தாள். தப்பில்லை, செலவும் கம்மி. ஆனால் அதில் அவர் தேடுவது ஏற்கெனவே தெரிந்த சொற்களைத்தான், சொல்லறிவோ வயதானாலும் அவ்வளவு சீக்கிரம் தேயாதது.

என் ஓட்டு நடைக்கு. 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 120 முதியவர்கள். அதில் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் என்று ஒரு வருடம் நடந்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்தது, வெறுமனே கை காலை நீட்டி மடக்கியவர்களுக்குச் சுருங்கியது. நினைவுத் தேர்வில் இரண்டு கோஷ்டியுமே முன்னைவிடத் தேறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தங்கச்சி விடமாட்டாள்.

அப்புறம், நடந்தால் பி.பி.யும் அடங்கும். இப்போது கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் நடக்கிறார், குறுக்கெழுத்துப் புத்தகம் அக்குளில்.