“கியாரண்டி” என்று போனில் சொன்னார்கள்: டிராவல் நர்ஸாகக் கிளம்பும் என்ஐசியு சிஸ்டர்கள் கவனத்துக்கு

போன வாரம் டாலஸிலிருந்து ஒரு தங்கச்சி வாட்ஸ்அப்பில் கேட்டாள். “அக்கா, லெவல் த்ரீ என்ஐசியு, பதிமூணு வாரம், வாரத்துக்கு 2,400 டாலர் தர்றாங்களாம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து போட்டாத்தான் இடம் கிடைக்குமாம். போட்டுடவா?”

என்ஐசியு என்றால் பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. சாயங்காலத்துக்குள் என்ற வார்த்தையைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அவளுக்குக் குரல் பதிவில் சொல்ல ஆரம்பித்து, அது நீண்டுகொண்டே போனதால் எழுதியே விடுகிறேன்.

என் ஊர் நாகர்கோவில் பக்கம். பிஎஸ்சி நர்சிங் முடித்து, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் என்ஐசியுவில் ஐந்து வருஷம். அப்புறம் என்கிளெக்ஸ் என்ற அமெரிக்க நர்சிங் லைசென்ஸ் தேர்வு, கிரீன் கார்டு, ஹூஸ்டனில் நிரந்தர வேலை மூன்று வருஷம். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக டிராவலுக்குப் போய் வந்து, வீட்டுக்கு முன்பணம் கட்டினோம், ஊரில் மாடி எடுத்தோம் என்று கதை சொன்னார்கள். அவர்கள் போனது கொரோனா காலத்தில். அப்போது வாரம் 5,000 டாலருக்கு மேல்கூடக் கொடுத்தார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று தெரிந்தும் ஆசை விடவில்லை.

டிராவல் நர்ஸ் வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: ஆள் பற்றாத மருத்துவமனை ஏஜென்சியிடம் கேட்கும். ஏஜென்சி நம்மைப் பதிமூன்று வாரத்துக்கு அனுப்பும். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் மூன்று, ஆக 36 மணி நேரம். மருத்துவமனை நம் தலைக்கு மணிக்கு இவ்வளவு என்று ஏஜென்சிக்குக் கொடுக்கும். அதில் அவர்கள் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். டெக்சாஸ் லைசென்ஸ் காம்பாக்ட் லைசென்ஸ், அதாவது பல மாநிலங்கள் சேர்ந்த ஒப்பந்தத்தின் கீழ் வருவது என்பதால் அரிசோனா மாதிரி அந்த ஒப்பந்தத்தில் உள்ள மாநிலங்களில் தனி லைசென்ஸ் வேண்டாம். கலிஃபோர்னியா அதில் இல்லை, அங்கே தனியாக வாங்க வேண்டும்.

ஏஜென்சிக்கு ஆள் பிடிக்கும் ரெக்ரூட்டர் என்னிடம் அவ்வளவு பிரியமாகப் பேசினார். பையன் எத்தனாவது படிக்கிறான், மாமியாருக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் விசாரிப்பார். “வாரம் 2,360 டாலர், முப்பத்தாறு மணி நேரம் கியாரண்டி” என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பார். கான்ட்ராக்ட் வந்தது. ஒன்பது பக்கம். சம்பளம் இருந்த பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, நைட் டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் போனிலேயே விரலால் கையெழுத்துப் போட்டேன். பியர்லேண்ட் மீனாட்சி கோயிலில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு, காரில் குக்கரும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஐ-10 சாலையிலேயே கிட்டத்தட்ட 1,200 மைல். அதில் பாதிக்கு மேல் டெக்சாஸுக்குள்ளேயேதான் ஓட்டிக்கொண்டிருப்போம். எல் பாசோவில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் அரிசோனாவில் பீனிக்ஸ் பக்கம் போய்ச் சேர்ந்தேன். மருத்துவமனைப் பெயரும் ஏஜென்சிப் பெயரும் எழுதப் போவதில்லை. கேட்காதீர்கள்.

ஓரியன்டேஷன் ஒரே ஒரு ஷிஃப்ட். டிராவலரிடம் எதிர்பார்ப்பது அதுதான்: வந்த மறுநாளே கையில் பிள்ளையைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டாம் ராத்திரி எனக்குக் கிடைத்தது இருபத்தாறு வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை, 790 கிராம். தொப்புளில் மருந்து ஏற்றும் லைன், மூக்கில் மூச்சுக்கு உதவும் பபுள் சிபாப். அந்தக் குமிழிச் சத்தம் அடுப்பில் சிறு தீயில் வைத்த ரசம் மாதிரி ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால்தான் பயம். டயப்பரை எடை போட்டு ஒவ்வொரு கிராமையும் எழுதுவோம், ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி சிறுநீர். விடியற்காலை நாலு மணிக்கு எடை 805 காட்டியதும் பக்கத்துப் பகுதி நர்ஸ் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினாள். இவ்வளவு சின்ன உடம்பில் பதினைந்து கிராம் வெறும் நீராகக்கூட இருக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் சந்தோஷம். வேலையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த யூனிட் நர்ஸ்களும் நல்லவர்கள்.

மூன்றாவது வாரம். சாயங்காலம் அஞ்சரை மணிக்குச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன், போன் வந்தது. சென்சஸ், அதாவது வார்டில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை, கம்மி, இன்றைக்கு நீ வர வேண்டாம் என்று. சரி, கியாரண்டி இருக்கிறதே, நிம்மதியாகத் தூங்கலாம் என்று படுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சம்பளச் சீட்டைப் பார்த்தால் 1,333 டாலர். அதுவும் வரி பிடிப்பதற்கு முன்னால். 2,360 எங்கே, 1,333 எங்கே?

அப்போதுதான் அந்த ஒன்பது பக்கத்தையும் உட்கார்ந்து படித்தேன். “கியாரண்டீட்” என்ற சொல்லை போனில் தேடிப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் “ஷெட்யூல்ட்” என்று இருந்தது. அதாவது வாரத்துக்கு 36 மணி நேரம் போட்டுவைப்பார்கள், தருவார்கள் என்று அர்த்தமில்லை. மருத்துவமனை எத்தனை ஷிஃப்டை வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்.

கணக்கை விளக்குகிறேன், இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். 2,360 என்பது ஒரே சம்பளம் இல்லை. வரி கட்ட வேண்டிய கூலி மணிக்கு வெறும் 22 டாலர், 36 மணிக்கு 792. ஹூஸ்டனில் நான் வாங்கியது மணிக்கு 40-க்கு மேல். மிச்சம் வாடகைக்கு 1,120, சாப்பாட்டுக்கு 448 என்று வரியில்லாத ஸ்டைபெண்ட், அதாவது படி. வாடகைப் பணம் வாடகைக்குத்தானே, ஒரு ஷிஃப்ட் ரத்தானால் வீட்டுக்காரர் வாடகையைக் குறைப்பாரா? ஆனால் கான்ட்ராக்டின் ஆறாம் பக்கத்தில், வேலை செய்த மணிக்கு ஏற்ப ஸ்டைபெண்டும் குறையும் என்று ஒரு வரி. ஆக ஒரு ஷிஃப்ட் போக மிச்சம் 24 மணி நேரத்துக்கு 528 டாலர் கூலி, ஸ்டைபெண்ட் மூன்றில் இரண்டு பங்கு, 1,045. மொத்தம் 1,573. பிறகு இன்னொரு 240 எங்கே போனது?

அது அபராதம். நான் லீவு போட்டால் மணிக்கு 20 டாலர் பிடிப்பார்களாம். ரத்து செய்தது மருத்துவமனை, ஆனால் ஏஜென்சிக் கணக்கில் நான் வரவில்லை என்று பதிவாகியிருந்தது. நல்ல வேளை, போன் வந்த கையோடு, “இன்றைக்கு நீங்கள்தான் என்னை வர வேண்டாம் என்றீர்கள், சரிதானே?” என்று அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தேன். ஆமாம் என்று பதில் வந்திருந்தது. சென்னையில் ஒரு பழைய மேட்ரன் பழக்கிவிட்டது: வாயால் சொன்னதை உடனே எழுத்தில் வாங்கு. அந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்து நாலு மெயில் போட்டு, இரண்டு மாசம் கழித்து அந்த 240 திரும்பி வந்தது. மொத்தத்தில் எனக்குத் திரும்பிக் கிடைத்தது அது மட்டும்தான்.

கியாரண்டி என்று சொன்னீர்களே என்று ரெக்ரூட்டரிடம் கேட்டேன். “இது ஸ்டாண்டர்ட் லாங்குவேஜ், எல்லா கான்ட்ராக்டிலும் இப்படித்தான்” என்றார். மாமியார் முட்டுவலியை அன்றைக்கு விசாரிக்கவில்லை.

ஐந்தாவது வாரம் இரண்டு ஷிஃப்ட் ரத்து. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 787 டாலர். மாச வாடகை 1,850. என்ஐசியுவில் சென்சஸை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். இன்றைக்கு நாலு பிள்ளை இருக்கும், நாளை இரட்டைக் குழந்தையோடு ஹெலிகாப்டர் வரும். கம்மியாகும்போது முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது டிராவலர்தான். அந்த நஷ்டத்தை மருத்துவமனையோ ஏஜென்சியோ சுமக்காமல் மொத்தமாக என் தலையில் கட்டியதுதான் என் வருத்தம்.

ஃப்ளோட் விஷயம் இதைவிட மோசம். ரத்து செய்யாத நாட்களில் வேறு வார்டுக்கு அனுப்புவார்கள். பிரசவ வார்டு என்றால் பரவாயில்லை. ஒரு ராத்திரி குழந்தைகள் வார்டுக்கு அனுப்பி, பதினாலு வயசுப் பையன் உட்பட நாலு நோயாளிகளை எடுத்துக்கொள் என்றார்கள். பையன் அறுபது கிலோ. எட்டு வருஷமாகக் கிராமில் எடை பார்த்து, மில்லியின் பத்தில் ஒரு பங்கில் மருந்து இழுத்தவள் நான். அவனுக்கு எழுதியிருந்த டோஸைப் பார்த்ததும் என் கண்ணுக்கு அது பிழை மாதிரிதான் தெரிந்தது. சரியான டோஸ்தான், ஆனால் அது சரியென்று சொல்லக்கூடிய இடத்தில் நான் இல்லை, அதுதான் ஆபத்து. டெக்சாஸில் “சேஃப் ஹார்பர்” என்று ஒரு ஏற்பாடு உண்டு, பாதுகாப்பில்லை என்று தோன்றும் பணியை எழுத்தில் பதிவு செய்துவிட்டால் லைசென்ஸுக்குக் காப்பு. அந்த நினைப்பில் அங்கே கேட்டேன், சார்ஜ் நர்ஸ் திருதிருவென்று முழித்தார். கடைசியில் நோயாளிப் பொறுப்பு எடுக்க மாட்டேன், கைவேலைக்கு உதவுகிறேன் என்று சொல்லி விடியும்வரை காய்ச்சல், நாடி, பிபி என்று வைட்டல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். ஃப்ளோட் எங்கெங்கே என்பதை வார்டு பெயரோடு கான்ட்ராக்டில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். எனக்கு வந்ததில் “தகுதிக்கு ஏற்ற பிற பிரிவுகள்” என்று மொட்டையாக இருந்தது.

ஏழாவது வாரம் கான்ட்ராக்டே ரத்து. ஒரு மெயில், அவ்வளவுதான். மருத்துவமனை முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தலாம், நான் நடுவில் விலகினால் ஏஜென்சிக்கு அபராதம் கட்ட வேண்டும் என்று அதே கான்ட்ராக்டில் இருந்தது. பதிமூன்று வாரம் முடித்தால்தான் திரும்பும் பயணச் செலவும் முடிவு போனஸும். இரண்டும் போயின. வீட்டுக்காரருக்கு மூன்று மாச லீஸ் எழுதிக் கொடுத்திருந்ததால் மூன்றாம் மாச வாடகையும் போனது. மாசாமாசம் புதுப்பிக்கிற வீடாகப் பாருங்கள், நூறு இருநூறு கூடுதலானாலும் பரவாயில்லை.

அந்த யூனிட்டில் ஒரு மலையாளி சேச்சி இருந்தார். சொந்த அபார்ட்மென்டைக் காலி செய்துவிட்டு ஊர் ஊராக டிராவல் மட்டும் செய்பவர். நிரந்தர முகவரிக்கு யாராவது சொந்தக்காரர் வீட்டைப் போட்டால் போதும் என்று அவருடைய ரெக்ரூட்டர் சொல்லியிருந்தாராம். போதாது. ஸ்டைபெண்டுக்கு வரி இல்லை என்றால் உங்களுக்கு உண்மையான டாக்ஸ் ஹோம் இருக்க வேண்டும், அங்கேயும் செலவு செய்துகொண்டு இங்கேயும் வாடகை கட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்டைபெண்ட் முழுக்க வரிக்குரிய வருமானம். வரித்துறையான ஐஆர்எஸ் கேட்கும்போது ரெக்ரூட்டர் வந்து பதில் சொல்ல மாட்டார். எனக்கு ஹூஸ்டனில் கணவரும் பையனும் வீட்டுக்கடனும் இருப்பதால் இதில் மட்டும் தப்பித்தேன். கூலி 22 டாலர் என்றால் சோஷியல் செக்யூரிட்டிக் கணக்கில் ஏறுவதும் அந்த 22 மட்டும்தான் என்பதையும் யோசியுங்கள்.

இன்னொன்று, எல்லாம் முடிந்த பிறகு தெரிந்துகொண்டது. இரண்டாம் வாரம் ஒரு ஷிஃப்ட் கூடுதலாகப் பார்த்தேன், ஓவர்டைமை 22-க்கு ஒன்றரை மடங்காக 33 டாலர் போட்டார்கள். ஆனால் 2021-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், டிராவல் நர்ஸ்கள் தொடுத்த ஒரு வழக்கில், ஷிஃப்ட் குறைந்தால் வெட்டப்படுகிற அந்த மாதிரிப் படி உண்மையில் சம்பளம்தான், ஓவர்டைம் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அரிசோனா அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அதை வைத்து ஒரு வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

என் தப்பும் இதில் இருக்கிறது. இரண்டு பேர் சரிபார்க்காமல் தொப்புள் லைனில் ஒரு சொட்டு மருந்து ஏற்ற மாட்டேன், ஆனால் ஒன்பது பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

டாலஸ் தங்கச்சியிடம் கான்ட்ராக்டை அனுப்பச் சொன்னேன். பதினோரு பக்கம். கியாரண்டீட் என்ற சொல்லைத் தேடினேன், இல்லை. ஷெட்யூல்ட் என்று நாலு இடத்தில் இருக்கிறது. எத்தனை ஷிஃப்ட் வரை ரத்து செய்யலாம் என்று எண்ணிக்கை போட்டுத் தரச் சொல், ஷிஃப்ட் ரத்தானாலும் வாடகை ஸ்டைபெண்டை வெட்டக்கூடாது என்று எழுதச் சொல், ஃப்ளோட் வார்டுகளைப் பெயர் சொல்லிப் போடச் சொல் என்றேன். அவள் கேட்டிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் என்றவர்கள் பதில் சொல்ல இரண்டு நாள் எடுத்தார்கள். நேற்று ராத்திரி எனக்கு அனுப்பிவைத்தாள்: “அக்கா, இது ஸ்டாண்டர்ட் லாங்குவேஜாம்.”