றங்குப்பெட்டியை எங்கே கொடுப்பது?

அம்மப்பாவின் றங்குப்பெட்டியில் காணி உறுதிகள், கடிதங்கள், கல்யாணப் படங்கள். ஒரு படத்தை ஆல்பத்திலிருந்து உரித்தபோது முகம் பசையோடு போய்விட்டது.

அசலையே ஆவணக்காப்பகத்துக்குக் கொடுத்தால் அமிலமில்லாத உறை, சீரான குளிர், முறையான பட்டியல் கிடைக்கும். ஆனால் ஒரே பிரதி ஒரே இடத்தில் இருப்பது பயம்தான். 1981இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களோடு, வேறு பிரதியே இல்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின.

ஸ்கேன் செய்தால் அசல் வீட்டிலேயே இருக்கும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத் திட்டம் ஈழத்து ஆவணங்களை இப்படித்தான் இணையத்தில் சேர்க்கிறது. கறையானும் ஈரமும் அசலை விடாது, அது வேறு.

என் தெரிவு: முதலில் ஸ்கேன், அப்புறம் காப்பகம். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பெயரும் ஊரும் பென்சிலில் அங்கேதான் இருக்கும்.