'ஹார்மோன் சமநிலைத் திட்டம்' விற்பவர்களிடம் எச்சரிக்கை

45 வயதைத் தாண்டிய பெண்களின் களைப்பையும் தூக்கமின்மையையும் குறிவைத்து, 'ஹார்மோன் சமநிலைத் திட்டம்' என்ற பெயரில் ஒரு வியாபாரம் நடக்கிறது. அதற்குப் பணம் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. போன பணம்கூடப் பெரிதில்லை. உடம்பில் உண்மையாகவே இருந்த கோளாறு அந்த மாதங்கள் முழுவதும் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்துகொண்டிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாதவிலக்கு முன்னும் பின்னுமாக வந்தது. வந்தால் நாட்கணக்கில் நிற்காமல் போனது. நள்ளிரவில் உடம்பெல்லாம் கொதித்து, வியர்வையில் நனைந்து விழித்துக்கொள்வேன். படி ஏறினால் படபடப்பு. முதலில் பார்த்த மருத்துவர் நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "இந்த வயதில் எல்லாருக்கும் இப்படித்தான் அம்மா, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்று தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். இரத்தப்போக்கைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

இந்த இடத்தில்தான் இந்தத் திட்டத்தை விற்கும் மையத்துக்காரர்கள் நுழைகிறார்கள். இவர்களுடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு மருத்துவர் அறையிலிருந்து வாயடைத்து வெளியே வந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் ஊகம். அங்கே 'ஆலோசகர்' என்ற பெண் முழுதாக ஒரு மணி நேரம் கேட்டார். குறுக்கே பேசவில்லை. "உங்களை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை மேடம்" என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாக்கியத்தை அவர் எல்லாரிடமும் சொல்கிறார் என்பதும், அவர் மருத்துவம் படித்தவரே இல்லை என்பதும் பின்னால் தெரிந்தது.

முதலில் உமிழ்நீர்ப் பரிசோதனை. வண்ண வண்ணக் கோடுகளோடு பல பக்க அறிக்கை வந்தது. ஈஸ்ட்ரோஜன் சிவப்பில், புரொஜெஸ்டிரோன் மஞ்சளில். பார்த்தாலே பயம் வரும். உண்மையில், மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்த ஹார்மோன்கள் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். இன்று எடுத்த அளவு அடுத்த வாரத்துக்குப் பொருந்தாது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, 45 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு அறிகுறிகளை வைத்தே இந்தக் கட்டத்தை அறியலாம், அதற்கு ஹார்மோன் பரிசோதனை தேவையில்லை என்கிறது. அறிக்கை தடிமனாக இருந்தால் நமக்கு மரியாதை வருகிறது, வேறென்ன சொல்ல!

அடுத்து 'இயற்கை ஹார்மோன்' பூச்சு. ஒருவகைக் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து எடுத்தது என்றார்கள். அந்தக் கிழங்கில் உள்ள டையோஸ்ஜெனின் என்ற பொருளை ஆய்வகத்தில் ஹார்மோனாக மாற்ற முடியும் என்பது உண்மை. ஆனால் மனித உடம்பால் அதை மாற்ற முடியாது. "எங்கள் பூச்சில் மாற்றப்பட்ட ஹார்மோனே இருக்கிறது" என்றும் ஒரு முறை சொன்னார்கள். எது உண்மையோ தெரியவில்லை, புட்டியில் அளவு அச்சிடப்படவில்லை. ஹார்மோன் இல்லையென்றால் பணம் வீண். இருந்தால் அது இன்னும் ஆபத்து. ஏனென்றால் கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்குப் புரொஜெஸ்டிரோன் வகை மருந்து சேர்க்காமல் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தொடர்ந்து கொடுத்தால் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடிக்கும், புற்றுநோய் வாய்ப்பும் கூடும். 1970-களிலிருந்தே மருத்துவ உலகுக்குத் தெரிந்த செய்தி இது.

"மருத்துவர் தரும் ஹார்மோன் புற்றுநோயைக் கொண்டுவரும், எங்களுடையது பாதுகாப்பானது" என்பது அவர்களுடைய இன்னொரு வசனம். இந்தப் பயத்தின் வேர், 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வு. இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்து உட்கொண்ட பெண்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்குச் சுமார் 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள் என்று அதில் தெரியவந்தது. அதைக் கேட்டு அலட்சியப்படுத்த வேண்டாம், ஆனால் ஆய்வில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63 என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? 48 வயதில் வியர்த்துக் கொட்டுபவளுக்கு நன்மை தீமைக் கணக்கு வேறு. அதை அவளோடு உட்கார்ந்து பேச வேண்டியவர் மருத்துவர்.

இனிதான் முக்கியமான பகுதி. முடி, நகம், தோல் மூன்றுக்கும் என்று ஒரு மாத்திரையும் திட்டத்தில் இருந்தது. சில வாரங்கள் கழித்து மையத்திலேயே இரத்தம் எடுத்தார்கள். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். குறைவு, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 அதிகம். "உங்களுக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, படபடப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது" என்று 'இரண்டாம் கட்ட'த்துக்கு விலை சொன்னார்கள். படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் அந்த நோய்க்கும் பொருந்துவதால், நம்பும்படியாகவே இருந்தது.

இரண்டாவது கருத்துக்காகப் பார்த்த பெண் மருத்துவர், அறிக்கையைப் புரட்டுவதற்கு முன்பே கேட்டார்: "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? புட்டியைக் காட்டுங்கள்." பி வகை வைட்டமினான பயோட்டின், 10,000 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமானது என்று வரையறுக்கப்பட்ட அளவு 30 மைக்ரோகிராம்தான். பல ஆய்வகக் கருவிகள், பயோட்டின் ஒரு புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும் தன்மையைக் கொண்டுதான் ஹார்மோனை அளக்கின்றன. இரத்தத்தில் ஏற்கெனவே அது நிறைந்திருந்தால் கருவி தவறாகப் படிக்கும். டி.எஸ்.எச். குறைந்ததாகவும் டி4 கூடியதாகவும் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனையும் இதனால் பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. மாத்திரையை நிறுத்திச் சில நாட்கள் விட்டு மறுபடி சோதித்தபோது என் தைராய்டு இயல்பாகவே இருந்தது. அவர்கள் விற்ற மாத்திரையே ஒரு நோயைக் காகிதத்தில் உண்டாக்கி, அதற்கு மருந்தையும் விற்கப் பார்த்தது. திட்டமிட்டா, அறியாமையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இரண்டில் எது என்றாலும் அவர்களிடம் உடம்பைக் கொடுக்கக் கூடாது.

உண்மையான காரணங்கள் இரண்டு. ஹீமோகுளோபின் இயல்பின் விளிம்பில் இருந்தது. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினோ 9 மட்டுமே. ஹீமோகுளோபின் சரிவதற்கு முன்பே ஃபெரிட்டின் காலியாகிவிடும், களைப்பும் படபடப்பும் அப்போதே தொடங்கலாம். ஸ்கேனில், கர்ப்பப்பையின் உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஃபைப்ராய்டு என்ற தசைக்கட்டி. 45 வயதுக்கு மேல் இப்படி ஒழுங்கற்ற இரத்தப்போக்கு இருந்தால் உட்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது (பயாப்ஸி) முறை என்று மருத்துவர் சொன்னார். அதையும் எடுத்தார்கள், புற்றுநோய் இல்லை. கட்டியை வயிற்றைக் கிழிக்காமல், உள்நோக்குக் கருவி வழியாகவே அகற்றிவிட்டார்கள். இரவு வியர்வை மட்டும் வயதின் வேலைதான். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். "திட்டத்தைப் பாதியில் விட்டது நீங்கள்தான் மேடம்" என்றார்கள். கையெழுத்திட்ட தாளில், மிகச் சிறிய எழுத்தில், 'இது மருத்துவச் சிகிச்சை அல்ல' என்று ஒரு வரி. ஹார்மோன் சோதனை, ஹார்மோன் பூச்சு, தைராய்டு என்று பேசியவர்கள் தாளில் மட்டும் அழகுநிலையமாகிவிட்டார்கள். புகார் அனுப்பியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படி ஒரு இடத்துக்குப் போக நினைப்பவர்கள் முதலில் எதிரே இருப்பவரின் படிப்பையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். கேள்வி பிடிக்காமல் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். மாதக்கணக்கான திட்டத்துக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது இரத்தப்போக்கு எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை நாள், கட்டி கட்டியாகப் போனதா, ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைகிறதா என்று எழுதியே கொண்டுபோங்கள். "வயதுதான்" என்று சொல்லிவிட்டால், "வேறு எதுவும் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் டாக்டர்? ஃபெரிட்டின் பார்த்துவிடலாமா, ஸ்கேன் வேண்டாமா?" என்று கேளுங்கள். இது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. என் இரண்டாவது மருத்துவர் இப்படிக் கேட்டதற்கு நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார். சத்து மாத்திரை, பூச்சு, பொடி எதுவானாலும் புட்டியோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் எந்த மையத்துக்கும் போகாதீர்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றும் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் தலைகாட்டுவதும் பெரும்பாலும் இப்படித்தான் என்பதால், நேரே மகப்பேறு மற்றும் மகளிர் நோய் மருத்துவரிடம் போய்விடுங்கள்.