ஆலயத்துக்கு மைக் செட் வாங்கப்போகும் சபையார் கவனத்துக்கு

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிற்றூர் ஆலயத்தில் பதினொரு ஆண்டுகளாக மைக் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரைக் கவனித்து வருகிறேன். சென்ற ஆண்டு, சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகைக்கு முன்பாகப் புதிய ஒலிக்கருவிகள் வாங்கச் சபையார் 2,40,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்கள். பீடி சுற்றும் பெண்கள் வாராவாரம் ஐம்பதும் நூறுமாகத் தந்த பணம் அதில் நிறைய உண்டு. கருவிகளைப் பார்த்துச் சரி என்று சொன்னவன் நான் என்பதால், நாங்கள் ஏமாந்த விதத்தைப் பிற சபைகளுக்குச் சொல்லும் கடமையும் எனக்கு இருக்கிறது.

ஆலயங்களுக்கு மட்டுமே வேலை செய்வதாகச் சொல்லிக்கொண்டு வந்த விற்பனையாளர், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்களோடு ஜெபித்துவிட்டு, ஒரு மைக்கையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் வைத்துக் காட்டினார். பாடகர் குழு ஒரு கீர்த்தனை பாடியது. ஒவ்வொரு சொல்லும் பின்வரிசை வரை தெளிவாகக் கேட்டது. ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 என்ற வகை மைக்குகள் ஆறை, அங்கீகாரம் பெற்ற கடையில் கேட்ட விலையில் ஏறக்குறைய பாதிக்குத் தருவதாக எழுதிக் கொடுத்தார். ஆலயக் காரியம் என்பதால் லாபம் வைக்கவில்லை என்றார். அந்தச் சொல்லை நம்பி முழுப் பணத்தையும் முன்னதாகவே கொடுத்துவிட்டோம். அன்று காட்டிய மைக் வேறு, பிறகு பெட்டியில் வந்த மைக்குகள் வேறு.

முதல் ஆராதனையிலேயே, குருவானவர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் மைக் வீலென்று கத்தியது. எங்கள் ஆலயம் உயர்ந்த கூரையும் கல் தளமும் கொண்ட பழைய கட்டடம். எதிரொலி இயல்பாகவே அதிகம். ஆகவே குறை என் கையில்தான் என்று எண்ணி, மூன்று வாரம் ஈக்வலைசரில் ஒவ்வோர் அலைவரிசையாகக் குறைத்துப் பார்த்தேன். கத்தல் நிற்கவில்லை, குரல்தான் மங்கியது. எஸ்எம்58 முன்னால் வரும் குரலை வாங்கிக்கொண்டு பின்பக்க ஓசையைப் பெருமளவு தள்ளிவிடும் அமைப்புடையது. பாடுகிறவர் தம் குரலைத் தாமே கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கரை அவருக்கு எதிரே, மைக்கின் பின்பக்கமாக வைப்பது அதை நம்பித்தான். எங்களுக்கு வந்தவையோ எல்லாப் பக்கத்து ஓசையையும் வாங்கின; ஸ்பீக்கர் ஓசை மறுபடி மைக்கில் புகுந்ததால்தான் அந்தக் கத்தல்.

பக்கத்துச் சபையிலிருந்து அவர்களுடைய பழைய எஸ்எம்58 ஒன்றை இரவல் வாங்கி வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. இரண்டையும் கையில் எடுத்ததுமே எடை வேறுபட்டது. தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது அவர்களுடையது 300 கிராமை ஒட்டிக் காட்டியது. தயாரிப்பாளர் குறிப்பிடும் எடை 298 கிராம். எங்களுடையது 232 கிராம். வலைத்தலையைக் கழற்றிப் பார்த்தால், அசலில் ஒலிவாங்கிப் பகுதி தடித்த ரப்பர் தாங்கலில் மெத்தென்று அசைகிறது. எங்களுடையதில் கெட்டிப் பிளாஸ்டிக். அசலின் கைப்பிடிக்குள் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று உண்டு; எங்கள் ஆறு மைக்குகளில் ஒன்றில்கூட அது இல்லை.

அதன்பின் ஸ்பீக்கர் ஒயர் மீதும் சந்தேகம் வந்தது. பில்லில் சுத்தச் செம்பு என்று இருந்தது. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டியதும் செந்நிறம் உதிர்ந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. செம்பு பூசிய அலுமினியம் அது. 40 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால், போக வர 80 மீட்டருக்குச் செம்பில் தடை ஏறத்தாழ 1 ஓம்; இந்த ஒயரில் 1.5 ஓம் ஆகிறது. நான்கு ஓம் சுமைக்கு ஓட்டும்போது ஆம்ப்ளிஃபையர் கொடுக்கும் சக்தியில் கால் பங்குக்கு மேல் ஒயரிலேயே வெப்பமாகிப் போய்விடுகிறது. இணைப்புகளில் இழைகள் முறிவதும் உள்ளே அலுமினியம் இருப்பதால்தான். ஸ்பீக்கரில் அச்சிட்டிருந்த வாட் எண்ணும் நொடிப்பொழுது உச்சத்தைக் குறிப்பதுதான். தொடர்ந்து தாங்கும் ஆர்எம்எஸ் அளவு எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

வாங்கப்போகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். சீரியல் எண் உள்ள கருவிகளுக்கு அதை ஜிஎஸ்டி பில்லில் எழுதச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காமல், பொருள் வந்திறங்கியதும் மைக்கை எடை போட்டு, ஒயரை வெட்டிப் பார்த்து, உங்கள் ஆலயத்திலேயே ஓர் ஆராதனை நடத்திய பிறகு மீதியைக் கொடுங்கள். கடைக்காரர் ஜெபிக்கிறவராக இருந்தாலும் இதைக் கேட்பதில் தவறில்லை. சபையின் பணத்துக்கு நாம் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள்.

பலமுறை நேரில் போய்க் கேட்டபின் ஒயருக்கான தொகையை மட்டும் எங்களுக்கு விற்றவர் திருப்பித் தந்தார். மைக்குகளை நாங்களே மாற்றிவிட்டதாக இப்போது சொல்கிறார். அதை மறுக்க எங்களிடம் எழுத்துச் சான்று இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்துவிட்டு, ஆறு மைக்குகளையும் பெட்டியோடு ஆலய அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். பாடகர் குழு இப்போது பக்கத்துச் சபை தந்த இரண்டு மைக்குகளில்தான் பாடுகிறது.