மதுரையில் ஏ.ஏ. கூட்டம்: அண்ணனோடு போய் வந்த அனுபவம்

குடியை விட நினைக்கிறவருக்கு மதுரையில் ஆஸ்பத்திரி, மாத்திரை தவிர வேறு என்ன துணை இருக்கிறது என்று தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., இங்கே இருக்கிறது, தமிழிலேயே நடக்கிறது, ஒரு பைசா கட்டணம் கிடையாது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து என் அண்ணனைக் கூட்டிக்கொண்டு சில மாதங்களாகப் போய் வருகிறேன். தாராளமாகப் போகலாம்.

ஆனால் தினமும் குடிக்கிறவர் என்றால் முதலில் டாக்டர், அப்புறம்தான் கூட்டம். சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது, சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து குழம்பிப் போவார்கள், உயிரே போகலாம். நம்ம பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14446 என்ற இலவச நம்பருக்குப் போன் போட்டும் ஆலோசனை கேட்கலாம். குடிக்கிறவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடு என்று பொடியும் மாத்திரையும் விற்கிறார்களே, அந்தப் பக்கமே போகாதீர்கள். டைசல்ஃபிரம் மாதிரி, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் மேலே சரக்கு போனால் பிரஷர் இறங்கி ஆளே விழுந்துவிடுவார். டாக்டர் பார்வையில், அவருக்குத் தெரிந்துதான் அதைக் கொடுக்க வேண்டும்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். நாங்கள் போகிற இடம் டவுனுக்குள் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை. வாசலில் போர்டு கிடையாது, முதல் நாள் கண்டுபிடிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, போன் போட்டதும் ஒருவர் தெருமுனை வரை வந்து "வாங்கண்ணே" என்று கூட்டிப் போனார். ஊர், தெரு, சாதி, வேலை எதையும் கேட்கவில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், அதுதான் ஒரே தகுதி. ஒவ்வொருவராக எழுந்து பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்து தன் கதையைப் பேசுகிறார்கள், நடுவில் யாரும் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஏனென்றால் வீட்டில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அண்ணனுக்குச் சொல்லாத புத்தியே கிடையாது.

ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் சுத்தமாக இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய அன்றைக்கே கடைக்குப் போனதை ஒருவர் சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார், அவர் கதையும் அதேதான். இங்கே யாரும் ஆயுசுக்கும் தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்குவதில்லை. இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இரு, அவ்வளவுதான். மறுபடி குடித்துவிட்டு வந்தாலும் விரட்டுவதில்லை, திரும்ப முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள்.

முதல் கூட்டம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் அண்ணனின் போனை வாங்கித் தன் நம்பரைப் பதிந்து கொடுத்தார். "தம்பி, கடை பன்னெண்டு மணிக்குத் திறப்பாங்க. நீங்க பதினொன்றரைக்கு எனக்குப் போன் போடுங்க. பேச ஒண்ணும் இல்லைன்னாலும் போடுங்க." இன்று வரை அந்த போன் நடக்கிறது. ஏ.ஏ. பிறந்ததே இப்படித்தான்: 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்து ஹோட்டல் ஒன்றில், போன காரியம் கெட்டு நின்ற பங்குத் தரகர் ஒருவர், பாருக்குள் போகாமல் இருக்க வேண்டுமே என்று போனை எடுத்து, பேச்சுத் துணைக்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார், கிடைத்தவர் ஒரு சர்ஜன். எதை மறந்தாலும் கூட்டத்திலிருந்து நம்பர் வாங்காமல் வராதீர்கள். என் கணக்கில், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கிற பன்னிரண்டு படிகளை விட, சுவரில் மாட்டும் வாசகங்களை விட, அந்தப் பதினொன்றரை மணி போன்தான் அண்ணனைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

குறைகளும் உண்டு. நாங்கள் போகிற குழுவில் இதுவரை ஒரு பெண்ணைக்கூடப் பார்த்ததில்லை, குடியால் தவிக்கிற பெண் ஒருத்தி அந்த அறைக்குள் தனியாக நுழையத் தயங்குவாள், இதை அவர்களிடமே சொல்லியிருக்கிறேன். இறைவன், பிரார்த்தனை என்ற பேச்சு அடிக்கடி வரும், சாமி நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஒட்டாமல் போகலாம், ஆனாலும் எந்த மதத்துக்கும் இழுப்பதில்லை. கூட்டம் சாயங்காலம் என்பதால் எங்களைப் போல வெளியூர்க்காரர்கள் முடிந்ததும் ஆரப்பாளையத்துக்கு ஓடி தேனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் டீ குடித்துக்கொண்டே நடக்கிற பேச்சு பாதியில் விட்டுப்போகிறது, கூட்டத்தில் வாய் திறக்காத ஆள்கூட மனம்விட்டுப் பேசுவது அப்போதுதான்.

நடுவில் ஒரு பை சுற்றி வரும், உறுப்பினர்கள் இஷ்டப்பட்டதைப் போடுவார்கள், வாடகையும் டீச் செலவும் அதில்தான். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை, நான் போடப் போனபோது தடுத்துவிட்டார்கள்.

வீட்டாரும் உட்காரலாம் என்பது திறந்த கூட்டங்களுக்கு மட்டும்தான், மற்றவை குடிநோயாளிகளுக்கு மட்டும், கேட்டுவிட்டுப் போங்கள். மனைவி, அம்மா, பிள்ளைகளுக்கு அல்-அனான் என்று தனி அமைப்பு இருக்கிறது, அண்ணியை அதில் சேர்த்துவிடத்தான் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன். குழுக்களின் இடமும் நேரமும் ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் கிடைக்கும், பண்டிகை நாட்களில் இடம் மாறுவதுண்டு, கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.