மனநல மருத்துவத் தேர்வுக்கு அட்டை முறை: ஊட்டி ஈரத்தில் நீண்ட நாள் புழங்கிய பிறகு

எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் மனநல மருத்துவத்துக்குத் தனித் தாள் கிடையாது. பொது மருத்துவத்தோடு சேர்ந்து வருவதால் எல்லோரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறோம். 3-க்கு 5 அங்குல அட்டையில் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று எழுதிப் படிப்பது இந்தப் பாடத்துக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. ஆனால் எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அட்டைக்கு ஒரு தகவல் என்று எழுதியவை சில மாதங்களில் செத்துப்போகின்றன. ஒன்றோடொன்று குழம்பும் இரண்டை எதிரெதிரே நிறுத்தியவைதான் தேர்வு அறை வரை கூட வருகின்றன.

நோயைக் கண்டறிய அறிகுறிகள் எவ்வளவு காலம் நீடிக்க வேண்டும் என்பதற்கு ‘ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு): 6 மாதம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாடான டிஎஸ்எம்-5 கேட்பது 6 மாதம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 கேட்பது 1 மாதம். கேள்வியில் எந்த வகைப்பாடு என்று பார்க்கும் பழக்கம் அட்டையிலேயே உருவாக வேண்டும். டிஎஸ்எம்-5 ஏணியை ஒரே அட்டையில் எழுதுங்கள்: 1 நாள் முதல் 1 மாதம் வரை பிரீஃப் சைக்கோட்டிக் டிஸார்டர் (குறுகிய கால மனப்பிறழ்வு), 1 முதல் 6 மாதம் ஸ்கிசோஃப்ரீனிஃபார்ம், அதற்கு மேல் ஸ்கிசோஃப்ரீனியா. மனச்சோர்வு 2 வாரம். டிஎஸ்எம்-5இல் 9 அறிகுறிகளில் 5, ஐசிடி-11இல் 10இல் 5. மேனியா (அளவு மீறிய மன எழுச்சி) 7 நாள், அதன் மிதமான வடிவமான ஹைப்போமேனியா 4 நாள். இதில் ஒரு கொக்கி உண்டு: ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு முற்றிவிட்டால் நாள் கணக்கு பார்க்காமல் மேனியாதான். அதிர்ச்சிக்குப் பிறகு 3 நாள் முதல் 1 மாதம் வரை அக்யூட் ஸ்ட்ரெஸ் டிஸார்டர், அதைத் தாண்டினால் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு).

எங்கள் கணக்கில் மிகவும் உழைத்த அட்டை, நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோமையும் (மனப்பிறழ்வு மருந்துகளால் வருவது) செரோடோனின் சிண்ட்ரோமையும் (செரோடோனினைக் கூட்டும் மருந்துகளால் வருவது) மோதவிட்டது. இரண்டிலும் காய்ச்சல், வியர்வை, குழப்பம், ஏறி இறங்கும் ரத்த அழுத்தம். பிரித்துக் காட்டுவது காலமும் தசையும். முன்னது சில நாட்களில் மெல்ல ஏறும். ஈயக் குழாய் போன்ற விறைப்பு, மந்தமான ரிஃப்ளெக்ஸ், மிக உயர்ந்த சி.பி.கே. (தசைச் சிதைவைக் காட்டும் ரத்த நொதி). பின்னது பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். குளோனஸ் (தசை தாளமாகத் துடிப்பது), துள்ளும் ரிஃப்ளெக்ஸ், விரிந்த கண்மணி, வயிற்றுப்போக்கு. குளோனஸைக் கணுக்காலில் தேட வேண்டும். மருந்து: முன்னதற்கு புரோமோகிரிப்டின், டான்ட்ரோலீன், பின்னதற்கு சைப்ரோஹெப்டடின். இரண்டிலும் முதல் வேலை, காரணமான மருந்தை நிறுத்துவது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்து சாப்பிடுபவருக்கு டிரமடால் என்ற வலி மருந்தோ லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கோ சேர்ந்ததா என்று கேட்பதையும் எழுதிவையுங்கள்.

மனப்பிறழ்வு மருந்துகளின் மற்ற பக்க விளைவுகளை வந்து சேரும் நேரப்படி எழுதினால் போதும்: டிஸ்டோனியா (தசை இழுப்பு) மணி முதல் நாட்களில், அகதீசியா (ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு) நாள் முதல் வாரங்களில், பார்க்கின்சோனிசம் (நடுக்கமும் விறைப்பும்) வாரங்களில், டார்டிவ் டிஸ்கைனீசியா (வாய், நாக்கின் தன்னிச்சையான அசைவு) மாதம், வருடங்களில். மது நிறுத்தத்துக்கும் இதே வழி: நடுக்கம் 6 மணி வாக்கில், வலிப்பு 48 மணிக்குள், டெலிரியம் டிரெமன்ஸ் (நடுக்கத்தோடு கடும் மனக்குழப்பம்) 48 முதல் 96 மணிக்குள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) என்பதைச் சிவப்பில் எழுதுங்கள்.

மேனியாவுக்குக் கொடுக்கும் லித்தியம் பற்றிய அட்டை, நாம் வார்டில் நின்றால்தான் உயிர் பெறுகிறது. ரத்தத்தில் பராமரிப்பு அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிஈக்விவலன்ட், 1.5க்கு மேல் நச்சு என்று எல்லோரும் எழுதுவார்கள். ரத்தம் எடுப்பது கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து என்பது விட்டுப்போகும். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வருபவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டே ஏறிவிட்டால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். மேடு பள்ளம் ஏறி இறங்கித் தேயிலை பறிப்பவர் மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டால் அளவு உண்மையிலேயே ஏறும், ஏனென்றால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவது குறைகிறது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தயாசைடும் ஏ.சி.இ. தடுப்பான்களும் இதே வேலையைச் செய்யும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ‘ஏன் ஏறியது?’ என்று கேட்டால் இந்தப் பட்டியல்தான் பதில்.

மனநிலைப் பரிசோதனைக்கு நூலில் இருக்கிறபடியே அட்டை எழுதுவது இந்த மலையில் தடுக்கிவிடும். பள்ளிக்கூடம் பார்க்காதவரிடம் 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் அவருடைய கவனம் தெரியாது, கணக்குதான் தெரியும். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். நீலகிரியின் படுகர் மொழி பேசுபவர் தமிழ்ப் பழமொழிக்கு நேர்ப்பொருள் சொன்னால் அதை வைத்துச் சிந்தனைக் கோளாறு என்று எழுதக் கூடாது. ஊரே நம்புகிற ஒன்றை ஒருவர் நம்பினால் அது டெல்யூஷன் (நோயால் வரும் பொய் நம்பிக்கை) ஆகாது. துக்க வீட்டில் இறந்தவரின் குரல் கேட்டது என்பது மட்டும் சைக்கோசிஸ் (மனப்பிறழ்வு) ஆகாது. நோயாளியை மரியாதையோடு பார்க்கக் கற்றுத்தருவதும் இந்த அட்டைகள்தான்.

சட்டத்துக்கும் ஓர் அட்டை வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு 89 பிறர் ஆதரவோடு 30 நாள் வரை சேர்க்கை. 94 அவசர சிகிச்சை, 72 மணி நேரம். 95 மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாத இசிடிக்கு (மின்னதிர்வு சிகிச்சைக்கு) தடை. 115 தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐயும் இந்த அட்டையிலேயே எழுதுங்கள். தேர்வுக்கு வெளியிலும் தேவைப்படும்.

இனி பொருள் பற்றி. ஊட்டியில் ஜூன், ஜூலை ஈரத்தில் மெல்லிய அட்டை சுருண்டுவிடும், ஜெல் பேனா மை பரவிவிடும். கெட்டி அட்டையில் பால்பாயின்ட்தான் நிற்கிறது. காலணிப் பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள். போன் ஆப் தானாக நாள் குறித்துக் கொடுக்கும், அது பெரிய வசதி. ஆனால் அட்டையைக் கையால் எழுதும்போதுதான் எதை எதோடு மோதவிடுவது என்று முடிவு செய்கிறோம். அடுத்த நாள், 3ஆம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று திருப்பிப் பாருங்கள். தவறினால் முதல் அடுக்குக்கே போகட்டும். ஓர் அட்டையில் ஐந்து வரிக்கு மேல் போனால் கண் வழுக்கிவிடும்.

முழுப் பாடத்துக்கு 150 அட்டை தாராளம். இரண்டு வாரம்தான் மிச்சம் என்றால் முதலில் கால அளவு, அடுத்து மருந்தும் பக்க விளைவும், பிறகு சட்டம் என்று 40 எழுதுங்கள். டிஃபென்ஸ் மெக்கானிசத்துக்கு (மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளுக்கு) அட்டை வேண்டாம். அதை உதாரணக் கேள்விகளாகப் போட்டுப் பழகுவதே வேகம்.