போரான் கார்பைடை விட்டுவிட்டு சிலிகான் கார்பைடை ஏன் எடுத்தேன்

குண்டு மோதல் சோதனைக்குக் கவசத் தகடு தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது மூன்று பீங்கான்கள் பட்டியலில் இருந்தன. அலுமினா மலிவு, ஆனால் கன சென்டிமீட்டருக்கு 3.9 கிராம் கனம். அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். மிச்சம் இரண்டு. தாளில் பார்த்தால் போரான் கார்பைடுதான் ராஜா: எடை 2.5 கிராம்தான், கடினமும் கூடுதல். சிலிகான் கார்பைடு 3.2 கிராம். நான் எடுத்தது அதைத்தான்.

காரணம், உடையும் விதம். பீங்கான் எதுவானாலும் அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். குண்டு முட்டிய இடத்தைச் சுற்றி வளைய விரிசல் விழுந்து, கூம்பாக விரிந்துகொண்டே உள்ளே இறங்கும். பின்முகம் வளைந்து இழுபடுவதால் அங்கிருந்து நட்சத்திரம் போல விரிசல்கள் கிளம்பும். குண்டின் முனைக்கு நேர் கீழே இருப்பது மாவாகிவிடும். சுற்றியுள்ள பொருள் இறுக்கிப் பிடித்திருக்கும் வரை அந்த மாவுக்கும் பலம் உண்டு. நுழையும் குண்டை அதுவே அரைத்துத் தேய்க்கும்.

போரான் கார்பைடு கைவிடுவது இங்கேதான். மோதலில் எழும் அதிர்வழுத்தம் சுமார் 20 கிகாபாஸ்கலைத் தாண்டினால் அதன் வெட்டு வலிமை, அதாவது அடுக்கு அடுக்காக வழுக்கிச் சரியாமல் தாங்கும் திறன், சட்டென்று விழுந்துவிடும். குண்டால் சுட்டு உடைத்த துண்டுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2003-ல் ஆய்வாளர்கள் காரணத்தைச் சொன்னார்கள்: இரண்டு மூன்று நானோமீட்டர் அகலப் பட்டைகளில் படிக ஒழுங்கு குலைந்து, கண்ணாடி போலாகியிருந்தது. அந்தப் பட்டைகளை ஒட்டியே விரிசலும் ஓடியிருந்தது. சிலிகான் கார்பைடு அப்படித் திடீரென்று காலை வாருவதில்லை. நன்றாக இறுக்கிக் கட்டினால் குண்டின் முனை மேற்பரப்பிலேயே சில மைக்ரோ நொடிகள் நின்று, பக்கவாட்டில் வழிந்து வீணாவதும் உண்டு.

எஃகு உள்ளகக் (உள்ளே எஃகுத் தண்டு வைத்த) குண்டுக்கு மட்டும் என்றால் போரான் கார்பைடே போதும், எடையும் மிச்சம். டங்ஸ்டன் கார்பைடு உள்ளகம் வேகமாக வந்தால்தான் அந்த அழுத்த எல்லை பிரச்சினையாகிறது. நான் சுட்டுப் பார்த்தவை சில தகடுகள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், ஒரே பெரிய தகடா, சிறு ஓடுகளா? பெரிய தகட்டில் விரிசல் ஓரம் வரை ஓடிவிடும். இரண்டாவது குண்டுக்கு அது பாதி உடைந்த தகடு. ஓடுகளில் சேதம் பெரும்பாலும் அந்த ஓட்டோடு நிற்கும், ஆனால் இணைப்பு பலவீனம். நான் ஓடுகளாகவே ஒட்டினேன். இணைப்பின் மேலேயே குறிவைத்துச் சுடுவது இன்னும் பாக்கி.